பெண் உறுப்புச் சிதைப்பை ஒழிக்கச் சட்டம் மட்டும் போதாதா?

போதாது. சட்டம் கட்டாயம் வேண்டும்தான். ஆனால் சிறுமியின் பிறப்புறுப்பை மருத்துவக் காரணமின்றி வெட்டும் இந்த வழக்கத்தைச் செய்யச் சொல்பவர்கள் பல இடங்களில் அவளுடைய தாயும் பாட்டியுமே. மகள் மீது வெறுப்பு இல்லை. வெட்டாவிட்டால் அவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயம். தனிக் குடும்பம் ஒன்று விலகினால் ஊர் அதை ஒதுக்கிவிடும். அதனால் ஊர் சேர்ந்துதான் கைவிட வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் அப்படித்தான் நடந்தது. மாலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், டோஸ்டான் என்ற தொண்டு அமைப்பின் வகுப்புகளில் உடல்நலமும் உரிமைகளும் படித்தார்கள். ரத்தப்போக்கு, தொற்று, பிரசவச் சிக்கல் என்று அதுவரை வாய்விட்டுப் பேசாதவற்றைப் பேசினார்கள். 1997இல் இனி வெட்டமாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அப்போது டெம்பா தியாவாரா என்ற இமாம் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் அனைத்தும் இணங்காமல் இந்த வழக்கம் நிற்காது. உறவினர் வாழும் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1998இல் 13 கிராமங்கள் ஒன்றாக உறுதி எடுத்தன. தடைச் சட்டம் 1999இல்தான் வந்தது.

'மருத்துவரிடம் செய்தால் ஆபத்தில்லை' என்ற வாதத்தை நம்பாதீர்கள். எந்தக் கை வெட்டினாலும் அதில் மருத்துவப் பயன் துளியும் இல்லை. மருத்துவர்கள் இதைச் செய்வதை உலக சுகாதார நிறுவனமும் எதிர்க்கிறது.

கிடைத்த சட்டத்தையும் காக்க வேண்டியிருக்கிறது. செனகலின் அண்டை நாடான காம்பியாவில் 2015ஆம் ஆண்டுத் தடையை நீக்க வந்த மசோதாவை நாடாளுமன்றம் 2024 ஜூலையில் நிராகரித்தது. தடையைக் காக்கப் போராடியவர்களில் சிறுவயதில் வெட்டப்பட்ட பெண்களும் இருந்தார்கள்.