ஒரே கையா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாக் தி ரிப்பர் செய்ததாகச் சொல்லப்படும் 1888-இன் வைட்சேப்பல் (கிழக்கு லண்டன்) கொலைகளையும், 1887 முதல் 1889 வரை லண்டனில் துண்டுகளாகக் கிடைத்த பெண் உடல்களையும் ஒருவனே செய்தான் என்கிறது ஒரு காணொளி. ஒரே ஊர், ஒரே காலம், கத்தி, ஏழைப் பெண்கள். அட்டவணை போட்டேன், பொருந்துகிறது. அவன் தாமஸ் நீல் கிரீமா?

கவின்

அன்புள்ள கவின்,

அந்தக் கொலைகார மருத்துவன் கிரீமை விட்டுவிடுங்கள். 1888-இல் அவன் அமெரிக்காவில், ஜோலியட் சிறையில் இருந்தான். அவன் ஆயுதமும் விஷம்தான்.

அட்டவணையில் உங்கள் உழைப்பு தெரிகிறது. ஆனால் எந்த உடலை எந்த மருத்துவர் நேரில் பார்த்தார் என்பதை எங்குமே குறிக்கவில்லை. அதைக் குறிக்காவிட்டால் எதையும் எதோடும் ஒட்டலாம். "ஐந்து கொலைகள்" என்று தொடங்குகிறீர்களே, காவல்துறையின் வைட்சேப்பல் கோப்பில் இருப்பவை 11. அந்த ஐந்தை ஒரே கை என்று 1888 நவம்பர் 10 அன்று எழுதியவர் காவல்துறை மருத்துவர் டாக்டர் தாமஸ் பாண்ட். அவற்றில் அவர் நேரில் ஆராய்ந்தது மேரி ஜேன் கெல்லியின் உடலை மட்டும். மற்ற நால்வருக்கும் குறிப்புகளைப் படித்தார். எலிசபெத் ஸ்ட்ரைடுக்குக் கழுத்தில் மட்டுமே வெட்டு, ஆனாலும் சேர்த்துக்கொண்டார். 1889 ஜூலையில் ஆலிஸ் மெக்கன்சி கொல்லப்பட்டபோது பாண்ட் "அதே கை" என்றார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பிலிப்ஸ் மறுத்தார். ஓர் உடல், இரு மருத்துவர்கள், இரு முடிவுகள். உங்கள் காணொளிக்காரர் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனக்கு வசதியான மருத்துவரை எடுத்துக்கொள்கிறார். நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள்.

வைட்சேப்பல் கொலைகள், துண்டாக்கப்பட்ட உடல்கள் என்ற இரண்டு வரிசைகளிலும் உடல்களை நேரில் பார்த்தவர்களில் இதே பாண்டும் ஒருவர். 1888 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்து யார்டின் புதிய கட்டட நிலவறையில் கிடைத்த உடற்பகுதியை ஆராய்ந்தவர் அவர். கெல்லியைக் கொன்றவனுக்குக் கசாப்புக்காரனின் தொழிலறிவுகூட இல்லை என்று ஐந்து வாரம் கழித்து எழுதினார். துண்டாக்கப்பட்ட உடல்களிலோ மூட்டு பார்த்து வெட்டும் பழக்கம் தெரிந்தது என்று அவரும் அவர் உதவியாளர் ஹெபர்ட்டும் பதிந்தார்கள். தெருவில் சில நிமிடங்களில் கொன்று அங்கேயே விட்டுப்போவதற்குக் கத்தி போதும். துண்டாக்குவதற்குப் பூட்டிய இடம், மணிக்கணக்கில் நேரம், தண்ணீர், சுமந்துபோக வழி எல்லாம் வேண்டும். ஒருவனே இரண்டையும் செய்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. "கத்தி" என்ற ஒரு சொல்லால் இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள் என்கிறேன்.

"உடல் 3" என்று எழுதியிருப்பது யாரை என்று தெரியுமா? எலிசபெத் ஜாக்சன். 1889 ஜூன் தொடக்கத்திலிருந்து தேம்ஸில் பகுதி பகுதியாகக் கிடைத்தவர். கர்ப்பிணி. தலை கிடைக்கவே இல்லை. துண்டுகளைச் சுற்றியிருந்த உடைகளையும் மணிக்கட்டுத் தழும்பையும் வைத்தே அவரை அடையாளம் கண்டார்கள். அந்த ஆண்டுகளில் துண்டுகளாகக் கிடைத்த நால்வரில் பெயர் மீட்கப்பட்டது இவருக்கு மட்டும். அந்தப் பெயரை அழித்து எண் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது, தம்பி?

மறுபடி போடுங்கள். முதலில் பெயர். பிறகு கிடைத்த இடம், கொன்ற இடம், தனித்தனியாக. பிறகு ஒவ்வொரு காயமும், பார்த்த மருத்துவர் பெயரோடு. மரண விசாரணைச் சாட்சியத்தில் இருப்பதை மையால் எழுதுங்கள், செய்தித்தாளில் மட்டும் இருப்பதைப் பென்சிலால். சந்தேக நபர்களுக்கு இடமே ஒதுக்காதீர்கள்.