பைய அசைஞ்சா போதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு வேலை. விடியக்காலம் நெத்தியில லைட்டைக் கட்டிட்டுப் போனா 300 மரம் வெட்டிட்டுதான் வருவாரு. ஒரு வருஷமா வலது தோள்ல வலி. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நாட்டு வைத்தியம் பாக்கிற ஆசான்கிட்ட எண்ணெ போட்டுத் தடவுனா ஒரு வாரம் நல்லாருக்கு, பெறவு பழையபடி. யோகா கிளாஸ் போய் கையத் தூக்குனதுல வலி கூடிப்போச்சு. பெல்டன்கிரைஸ்னு ஒண்ணு யூடியூப்ல பாத்தேன், சும்மா படுத்துட்டு லேசா அசைக்காங்க. அதுல என்ன ஆகும்?
(வாசகி, குலசேகரம்)

பதில்: தங்கச்சி, முதல்ல அவர்கிட்ட கேளுங்க, கை மரத்துப் போகுதா, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்பி விடுதா, ஏத்தம் ஏறும்போது நெஞ்சு இறுகி மூச்சு வாங்குதான்னு. இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா டாக்டர்கிட்ட போங்க, மத்ததெல்லாம் பெறவு. எக்ஸ்ரேல முக்கியமா எலும்புதான் தெரியும், தசைநார்ல உள்ள கோளாறு அதுல சரியா தெரியாது, அதனால எக்ஸ்ரே நல்லாருக்குன்னா வலி பொய்னு ஆகிடாது.

மோஷே பெல்டன்கிரைஸ் 1904ல இப்போதைய உக்ரைன்ல பிறந்தவரு, பாரிஸ்ல எஞ்சினியரிங்கும் இயற்பியலும் படிச்சவரு, ஜூடோவுல பிளாக் பெல்ட் வேற. கால்பந்து ஆடி முட்டு கெட்டுப்போச்சு, ஆபரேஷன் பண்ணாலும் சரியாகும்னு உறுதி இல்லன்னதும் தான் எப்படி நிக்கிறோம் எப்படி நடக்கிறோம்னு தானே உத்துப் பாக்க ஆரம்பிச்சாரு, அங்கேருந்து வந்ததுதான் இந்த முறை. வலிக்கிற இடத்தை மட்டும் பாக்காம, அந்த இடத்து மேல மத்த உடம்பு எவ்வளவு பாரத்தைத் தள்ளி விடுதுன்னு பாக்கணும்ங்கறதுதான் அவரோட எண்ணம்.

ஏன் இவ்வளவு லேசா அசைக்கணும்னா, தலையில ஒரு கூடை மீன் இருக்கும்போது யாராவது ஒரு சாளை மீனை அதுல போட்டா தெரியாது, வெறுங்கையில வச்சா உடனே தெரியும்லா? ஜெர்மனியில வெபர்னு ஒருத்தர் 19ஆம் நூற்றாண்டுலயே இதை அளந்து சொல்லிருக்காரு. பலம் கொடுத்து அசைச்சா நுணுக்கமான வித்தியாசம் எதுவும் நமக்குப் பிடிபடாது, பிடிபடலைன்னா பழக்கம் மாறாது, அதான் விஷயம்.

வீட்டுல பாய் விரிச்சு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க, தலைக்கு தலகாணி, முட்டு ரெண்டும் மடங்கி இருக்கட்டும். வலது தோளை மட்டும் ஒரு விரல் அகலம் முன்னால நகத்திட்டு திரும்ப விடணும், மூச்சைப் பிடிக்கக்கூடாது, வலி வர்றதுக்கு முன்னாலயே நின்னுடணும். எட்டு பத்து தடவை போதும். அப்புறம் மல்லாக்கப் படுத்து, ரெண்டு தோள்ல எது பாய்ல நல்லா படிஞ்சு கிடக்குன்னு கவனிக்கணும். நிறைய பேரு இந்தக் கவனிக்கிற வேலையை விட்டுட்டு எத்தனை தடவை பண்ணேன்னு எண்ணிட்டுப் போவாங்க, பெறவு பலனில்லைன்னு சொல்வாங்க. அடுத்த வாரம் தோளோட சேர்ந்து விலாவும் இடுப்பும் லேசா உருளட்டும்.

அதுக்கப்புறம் தோட்டத்துல ஒண்ணு பாக்கச் சொல்லுங்க. கத்தியை இழுக்கும்போது காலு மரத்தைச் சுத்தி கூடவே போகுதா, இல்ல காலு ஊனி நின்னுட்டு கை மட்டும் இழுக்குதா? 300 மரத்துலயும் கை மட்டும் இழுத்தா எந்தத் தோளும் தாங்காது. இடுப்பு திரும்ப ஆரம்பிச்சா தோளுக்கு வேலை குறையும். இந்த முறையைப் பத்தி ஆராய்ச்சிகள் இருக்கு, ஆனா பெரும்பாலும் சின்னச் சின்னது, அதனால இதுலயே முழுசா குணமாகிடும்னு நான் சொல்ல மாட்டேன். மூணு நாலு வாரம் பாத்தும் மாத்தம் இல்லைன்னா ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். இந்த மாதிரி பயிற்சியில கண்ண மூடி மூச்சைக் கவனிக்கிறது வேற வழிபாடு ஆகிடுமோன்னு மாமியாருக்கு சந்தேகம்.
(வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: மேல சொன்னதுல மந்திரமும் இல்ல வழிபாடும் இல்ல, அத்தையையும் பாய்ல படுத்துப் பாக்கச் சொல்லுங்க. கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டே பண்ணலாம். மனசுக்கு ஒப்பாத எதையும் எந்த கிளாஸ்லயும் விட்டுடலாம், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

கேள்வி: டிசைன் வேலை பாக்கேன், ராத்திரி கதை எழுதுவேன். ஸ்கிரீன் முன்னால மணிக்கணக்கா உக்காந்தும் ஒண்ணும் வரல. நடந்தா ஐடியா வரும்னு சொல்லுகாங்க, உண்மையா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: உண்மைதான் தம்பி. 2014ல ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துல மாரிலி ஒப்பெட்சோ, டேனியல் ஷ்வார்ட்ஸ்னு ரெண்டு பேரு 176 பேரை வச்சு சோதிச்சாங்க, ஒரு பொருளைச் சொல்லி இதை வேற எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு கேக்கிற மாதிரி. உக்காந்து யோசிக்கிறதை விட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியா 60 சதவீதம் கூடுச்சு. வெறும் சுவத்தைப் பாத்துட்டு டிரெட்மில்ல நடந்தாலும் பலன் இருந்துது, நடந்துட்டு வந்து உக்காந்த பிறகும் கொஞ்ச நேரம் நீடிச்சுது. ஆனா ஒரே ஒரு சரியான விடையைத் தேடுற வேலையில நடை உதவல, லேசா குறையக்கூட செஞ்சுது. அதனால கதைக்கு கரு தேடும்போது நடங்க, எழுதுனதை வெட்டித் திருத்தும்போது உக்காருங்க.

போனை வீட்டுல வச்சிட்டுப் போங்க, பாட்டு கேட்டுட்டே நடந்தா உங்க மனசு பேசுறது உங்களுக்கு எப்படிக் கேக்கும்? லீவு நாள்ல சொத்தவிளை கடற்கரை பக்கம் போனா ஈர மணல்ல செருப்பில்லாம நடக்கலாம், குதிகால் எப்ப ஊனுது பெருவிரல் எப்ப தள்ளுதுன்னு மணலே காட்டிக் குடுக்கும். மத்த நாள் சானல்கரையே போதும். கதையை வலுக்கட்டாயமா யோசிக்காதீங்க, காலைக் கவனிங்க, அது தானா வரும். நம்ம குமரி மாவட்டத்துல அடிமுறைங்கற தற்காப்புக் கலையைச் சொல்லிக் குடுக்கிற ஆசான்மாரு இன்னும் இருக்காங்க, அதுல ஒத்தச்சுவடுங்கற காலடி வைப்பைக் கத்துக்கிட்டு அதையே வேகமில்லாம பைய பைய வச்சுப் பாருங்க, அதை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரிஞ்சு இல்ல, அது நம்ம மண்ணுல இருக்கும்போது ஒருத்தரும் போய் கத்துக்க மாட்டேங்காங்கன்னு எனக்கு பெரிய வருத்தம்.

கேள்வி: 68 வயசு. பாத்ரூம்ல ஒருக்கா வழுக்குனதுல இருந்து நடக்கவே பயம்.
(வாசகி, தக்கலை)

பதில்: அம்மா, பயத்துல காலை இழுத்து இழுத்து நடந்தா விழுற வாய்ப்பு கூடத்தான் செய்யும். தாய்ச்சிங்கற சீனப் பயிற்சி மாதிரி மெதுவான பயிற்சி வயசானவங்க விழுறதை ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைக்கலாம்னு 2019ல வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒண்ணு சொல்லுது. அடுக்களைத் திண்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு, உடம்பு பாரத்தை பைய வலது காலுக்கு மாத்துங்க, இடது காலு லேசானது தெரிஞ்சதும் திரும்ப இடதுக்கு. காலைத் தூக்க வேண்டாம், பக்கத்துல ஆள் இருக்கட்டும். தலைசுத்தலோ பிரஷர் மாத்திரையோ இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பாத்ரூம்ல பிடிக்கிறதுக்கு ஒரு கம்பியும் இந்த வாரமே போடச் சொல்லுங்க மகன்கிட்ட.