ஆடிட்டரை விடுங்கள், சர்வீஸ் புக்கைப் பாருங்கள்

கேள்வி: டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குரூப் பி பணியிலிருந்து மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றேன். 2013-ல் எனக்குக் கொடுத்த எம்.ஏ.சி.பி. (பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்குத் தரும் சம்பள உயர்வு) தவறு என்று ஆடிட் பார்ட்டி பாரா எழுத, ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது ரெக்கவரி ஆர்டர் வந்தது. கிராஜுவிட்டியில் 4 லட்சத்துச் சொச்சத்தை நிறுத்திவிட்டார்கள். தணிக்கைக்கு வந்தவர் என்னிடம் மரியாதையில்லாமல் பேசினார், வேண்டுமென்றே என் ஃபைலை எடுத்தார். ஒரு பைசா கைநீட்டாத என்னைத் திருடனைப் போல ஆக்கிவிட்டார்கள். சி.ஏ.ஜி. (தலைமைத் தணிக்கையாளர்) மேல் வழக்குப் போடலாமா? சம்மதக் கடிதம் கொடுத்தால் மீதியை உடனே விடுவிப்பதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கடிதம் கொடுக்காதீர்கள். சி.ஏ.ஜி. மேல் வழக்கும் வேண்டாம்.

மரியாதை, உள்நோக்கம், முப்பது வருட நேர்மை எல்லாம், மத்திய அரசு ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்காது. அங்கே கேட்கப்போவது ஒன்றுதான்: அந்தக் கூடுதல் சம்பளத்தை வாங்கத் தொடங்கியபோது, 'தவறென்று பின்னால் தெரிந்தால் திருப்பித் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களா?

தணிக்கைத் துறை தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. கொடுத்த பணம் விதிப்படிதான் கொடுக்கப்பட்டதா என்று பார்ப்பது 1971-ஆம் ஆண்டு சி.ஏ.ஜி. சட்டத்தின் 13-வது பிரிவு அவர்களுக்கு வைத்திருக்கும் கடமை. ஃபைலைக் கேட்கவும் கேள்வி கேட்கவும் 18-வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் 'பிடித்துக்கொள்' என்று உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆடிட் பாரா என்பது ஆட்சேபணை, அவ்வளவுதான். அதற்குக் காரணம் காட்டிப் பதில் எழுதியிருக்க வேண்டியது உங்கள் அலுவலகம். அது 'ரெக்கவரி ஆரம்பித்தாயிற்று' என்று ஒரு வரி எழுதி பாராவை மூடப் பார்க்கிறது. ஆர்டரில் கையெழுத்துப் போட்டவர்தான் உங்கள் எதிர்தரப்பு.

அவரை எதிர்க்க உங்களிடம் நல்ல ஆயுதம் இருக்கிறது. பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது: ஓய்வு பெற்றவரிடமும், ஓய்வுக்கு ஒரு வருடமே இருப்பவரிடமும் வசூலிக்கக் கூடாது; ஐந்து வருடத்துக்கு மேலாகக் கொடுத்துவந்த பணத்தையும் வசூலிக்கக் கூடாது. குரூப் சி, டி ஊழியர்களுக்கான பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. ஆனாலும் மற்ற இரண்டும் பொருந்துகின்றன.

இந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்று வந்து உட்காருகிறவர்கள் ஏராளம். 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் வேறொன்று சொன்னது அவர்களுக்குத் தெரியாது. திருப்பித் தருவதாக முன்கூட்டியே உறுதி எழுதிக் கொடுத்தவருக்கு, ஓய்வு பெற்றவர் என்ற பாதுகாப்பு இல்லை. அரசு வக்கீல் முதலில் தேடுவது அந்த ஒற்றைத் தாளைத்தான். ஊதியக் குழு வரும்போது நிரப்பிக் கொடுத்த ஆப்ஷன் ஃபாரத்தோடு (புதிய சம்பளத்தைத் தேர்ந்தெடுக்கும் படிவம்) அந்த உறுதிமொழியும் சேர்ந்தே இருக்கும். படிக்காமல் எல்லோரும் போட்ட கையெழுத்து அது. உங்கள் பணிப் பதிவேடான சர்வீஸ் புக்கில் ஒட்டியிருப்பார்கள். ஆர்.டி.ஐ. மனுவை ஆடிட்டரின் நோக்கத்தைக் கேட்டு வீணாக்காமல், சர்வீஸ் புக்கின் முழு நகலைக் கேட்டுப் போடுங்கள்.

நகல் வந்ததும் அந்தத் தாள் எதற்காக எழுதியது என்று பாருங்கள். 2008 ஊதிய விதிகளின்படி சம்பளம் நிர்ணயித்ததற்கான உறுதிமொழி என்றால், 2013 எம்.ஏ.சி.பி.க்கு அது பொருந்தாது என்று வாதாட இடமுண்டு. 2013-லேயே தனியாக ஒன்று எழுதியிருந்தால் வாதம் மெலிந்துவிடும்.

இப்போது கேட்கிறார்களே சம்மதக் கடிதம், அதில்தான் என் கட்சிக்காரர்கள் அதிகம் விழுந்திருக்கிறார்கள். கணக்குப் பிரிவில் நாலு வரி டைப் செய்து தயாராக வைத்திருப்பார்கள்: 'என்னிடமிருந்து வரவேண்டிய நிலுவைகள் அனைத்தையும் கிராஜுவிட்டியில் சரிக்கட்ட ஆட்சேபணை இல்லை.' குவார்ட்டர்ஸ் வாடகை, தண்ணீர்க் கட்டணத்துக்காக என்பார்கள். குவார்ட்டர்ஸ் காலி செய்யும் அவசரத்தில் போட்டுவிடுவோம். 'நிலுவைகள் அனைத்தும்' என்பதற்குள் 4 லட்சமும் அடங்கிவிடும். அப்புறம் தீர்ப்பாயத்தில் அரசு போடும் பதில் மனுவில் அதுதான் முதல் இணைப்பு. வாடகை பாக்கி இருந்தால் அதற்கு மட்டும் தொகையைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள், போதும்.

அடுத்தது நாள். 'மேலே எழுதியிருக்கிறோம், வசூலுக்குத் தள்ளுபடி வந்துவிடும்' என்று அலுவலகத்தில் அன்பாகச் சொல்வார்கள். 2016 மார்ச் 2 தேதியிட்ட பணியாளர் துறைக் குறிப்பாணைப்படி தள்ளுபடிக்குச் செலவினத் துறையின் ஒப்புதல் வேண்டும். அந்த ஃபைல் ஊர் சுற்றி வருவதற்குள், தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு இருக்கும் ஒரு வருடக் கெடு ஓடிவிடும். நீங்கள் சொல்லும் கணக்குப்படி ஏழு மாதம் போய்விட்டது. மனுமேல் மனு போட்டால் கெடு நீளும் என்று நம்பாதீர்கள். ஆர்டர் தேதியிலிருந்தே எண்ணி, கோப்பர்நிகஸ் மார்க் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்துவிடுங்கள்.

நோட்டீஸ் கொடுக்காமல் பிடித்தார்கள் என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகவும் வேண்டாம். அதில் ஜெயித்தால் ஆர்டர் ரத்தாகும். நோட்டீஸ் கொடுத்து அதே ஆர்டரை மறுபடி போடுவார்கள். இன்னொன்று, ரஃபீக் மசீஹ் காப்பாற்றுவது ஏற்கெனவே வாங்கிய பணத்தைத்தான். எம்.ஏ.சி.பி. உண்மையிலேயே தவறு என்றால் பென்ஷன் சரியான சம்பளத்தில்தான் நிர்ணயமாகும். அதையும் சேர்த்துப் பிடிவாதம் பிடித்து, கிடைக்கவேண்டியதையும் வருடக்கணக்கில் இழுத்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2013 தேதியிட்ட உறுதிமொழி கிடைத்தால் வழக்கை மறந்துவிடுங்கள். ஜக்தேவ் சிங் வழக்கிலேயே இரண்டு வருடத் தவணையில்தான் வசூலிக்கச் சொன்னது நீதிமன்றம். அதைக் காட்டி, நிறுத்திய கிராஜுவிட்டியை விடுவித்து, பணத்தை மாதத் தவணையாக வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். வக்கீல் ஃபீஸாவது மிஞ்சும்.