கடன் வாங்கி வைர மோதிரம் வேண்டாம்

நிச்சயதார்த்தத்துக்கு 1 காரட் (0.2 கிராம்) எடையுள்ள வைரம் பதித்த மோதிரம் வாங்கக் கடன் எடுக்கலாமா, பின்னால் விற்றால் பணம் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பாது. தங்கம் போல வைரத்துக்கு ஒரே சந்தை விலை கிடையாது; விற்கப் போனால் பெரும்பாலும் வாங்கிய விலையைவிட மிகக் குறைவாகத்தான் கேட்பார்கள். தயவுசெய்து கடன் வேண்டாம். ‘வைரம் நிரந்தரம்’ என்பதே 1947இல் டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக எழுதப்பட்ட விளம்பர வாசகம்தான்.

உங்கள் வருங்காலத் துணைக்கு வைரம்தான் ஆசை என்றால், சரி, ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் பாருங்கள். அதுவும் அதே கார்பன் படிகம்தான். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையோ மிகக் குறைவு. 0.9 காரட்டே போதும். ஜொலிப்பைத் தீர்மானிப்பது எடை அல்ல, பட்டை தீட்டிய விதம். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம், முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். நீலக்கல்தான் பிடிக்கும் என்று சொன்னாலும் சொல்வார். தினமும் அணிய அதுவும் உறுதியான கல்தான்.