ராஜா போனார், கோவா போகவில்லை

கேள்வி: போர்ச்சுகல் 1910-லேயே ராஜாவைத் துரத்திவிட்டுக் குடியரசான நாடு. அப்படியும் கோவாவை 1961 வரை விடவில்லை. பழைய மன்னராட்சிப் புத்திதானே காரணம்? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாவம், எல்லாப் பழியையும் ராஜா தலையிலேயே கட்டுகிறீர்கள். காலனிகளைப் பிடித்து வைத்திருக்கிறாரே என்று லிஸ்பனில் ராஜாவின் மேல் யாருக்கும் பெரிய கோபம் இருந்ததில்லை. பிடித்ததைக் காப்பாற்றத் துப்பில்லையே என்றுதான் கொதித்தார்கள்.

அந்த அரச குடும்பத்துக்குக் காலனி என்பது சொந்தக் கடை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்துபோன பிறகு, மன்னர் முதலாம் மானுவல் லிஸ்பன் ஆற்றங்கரையில் ஓர் அரண்மனை கட்டினார். கீழே இந்திய வாணிப அலுவலகமும் கிடங்கும். மேலே ராஜா குடியிருப்பு. மிளகு அரசரின் ஏகபோகம். பிரெஞ்சு மன்னர் அவரை 'மளிகைக்கடை ராஜா' என்று கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். மிளகு கைவிட்ட காலத்தில் பிரேசில் தங்கம் வந்து சேர்ந்தது. தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு.

1807 நவம்பரில் நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கியதும், 29-ஆம் தேதி அரச குடும்பம் மொத்தமும் பிரிட்டிஷ் கப்பல்களின் துணையோடு பிரேசிலுக்குக் கிளம்பிவிட்டது. போன அவசரத்தில் அரண்மனை நூலகத்துப் பெட்டிகள் கரையிலேயே கிடந்தன. மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். அப்புறம் 1821 வரை ஓர் ஐரோப்பிய நாட்டுக்கு ரியோ டி ஜெனிரோதான் தலைநகரம்! அப்பா, அதாவது மன்னர் ஆறாம் ஜோவாவ், ஊர் திரும்பினார். அங்கேயே தங்கிய மகன் பெட்ரோ அடுத்த வருஷமே பிரேசிலைத் தனி நாடாக்கி, தானே சக்கரவர்த்தியும் ஆகிவிட்டார். பாகப்பிரிவினை வீட்டுக்குள்ளேயே முடிந்தது.

மிஞ்சியதில் பெரியது ஆப்பிரிக்கா. மேற்கே அங்கோலா, கிழக்கே மொசாம்பிக், நடுவிலிருப்பதும் எங்களுடையதுதான் என்று இளஞ்சிவப்பு பூசி ஒரு வரைபடம் போட்டார்கள். 1890 ஜனவரி 11 அன்று பிரிட்டன், படையை விலக்கிக்கொள் என்று கெடு வைத்தது. அரியணை ஏறி மூன்று மாதம்கூட ஆகாத கார்லோஸ் பணிந்துவிட்டார். குடியரசுக் கட்சிக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தது அந்த அவமானம். அந்த ஆத்திரத்தில் எழுதிய பாட்டுதான் அவர்களுடைய இன்றைய தேசிய கீதம்.

1908 பிப்ரவரி 1. திறந்த கோச்சு வண்டியில் போய்க்கொண்டிருந்த கார்லோஸையும் பட்டத்து இளவரசரையும் சுட்டுக் கொன்றார்கள். ராணி கையிலிருந்த பூங்கொத்தாலேயே கொலைகாரனை அடித்தார். (அரண்மனைக் கடன், பிரதமரின் சர்வாதிகாரம் என்று கோபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன.) சம்பவம் நடந்த சதுக்கம் எது தெரியுமா? 1755 நிலநடுக்கத்தில் இடிந்துபோன அந்த மிளகு அரண்மனை இருந்த அதே இடம்.

சரி, கார்லோஸுக்குப் பின் அரியணை ஏறிய இளைய மகன் இரண்டாம் மானுவலையும் துரத்திவிட்டு 1910 அக்டோபர் 5-இல் குடியரசு வந்தது. ஒரு காலனியையாவது விட்டதா? இல்லை. முதல் உலகப் போரில் அது குதித்ததற்கே ஆப்பிரிக்க நிலங்கள் பறிபோய்விடுமோ என்ற பயம் ஒரு முக்கியக் காரணம். பிறகு வந்த சர்வாதிகாரி சலாசார் ராஜ வம்சம் இல்லை, பொருளாதாரப் பேராசிரியர். 1951-இல் அவருடைய அரசு 'காலனி' என்ற சொல்லையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு 'கடல்கடந்த மாகாணம்' என்று எழுதிக்கொண்டது. காலனியே இல்லையென்றால் எதை விடுவது?

1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தபோது, சரணடையவே கூடாது என்பது கோவா கவர்னர் வசாலோ இ சில்வாவுக்கு சலாசார் இட்ட கட்டளை. அவர் வீண் சாவு வேண்டாமென்று 19-ஆம் தேதி சரணடைந்தார். ஊர் திரும்பியவரைப் பின்னர் ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். கோவா இந்தியாவுடையதுதான் என்று லிஸ்பன் கையெழுத்துப் போட்டது 1974 டிசம்பரில், சலாசார் கட்டிய ஆட்சி கவிழ்ந்த பிறகு. கடைசி ராஜா நாட்டைவிட்டுப் போய் அப்போது 64 வருஷம் ஆகியிருந்தது.