ஜெயிக்காது என்று தெரிந்தும் ராக்கெட்டுக்கு ஏன் போட்டோம்?

'ஜசெக காலம் பூராவும் எதிர்க்கட்சிதானே, பினாங்குத் தமிழர்கள் ஏன் அதற்கே ஓட்டுப் போட்டார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஜசெக என்றால் மலேசியாவின் ஜனநாயக செயல் கட்சி, சின்னம் ராக்கெட். முதலில் ஒரு திருத்தம். 2008இலிருந்து இங்கே அதுதான் ஆட்சி. 1966இல் பதிவான கட்சி, 2008க்கு முந்தின நாற்பது வருஷத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் இருந்தோம். அப்பாவிடம் ஆளுங்கூட்டணிக் கட்சி ஒன்றின் உறுப்பினர் அட்டை இருந்தது. பெர்மிட், பிள்ளைக்கு வேலை என்று யாரைப் பார்க்கப் போனாலும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஓட்டு மட்டும் ராக்கெட்டுக்கு. அம்மாவுக்கே ரொம்ப நாள் தெரியாது.

ஜசெகவின் கர்பால் சிங் 1978இல் ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தார். அவர் செராமா (அரசியல் பொதுக்கூட்டம்) என்றால் அப்பா கடைசி வரிசைக்கும் பின்னால், கடை ஓரமாக, குடையோடு நிற்பார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று போலீஸ் குறித்துக்கொள்ளும் என்ற பயம். நன்கொடை டின் வரும்போது பத்து வெள்ளி நோட்டைச் சின்னதாக மடித்துப் போடுவார். பேச்சில் பாதிதான் புரியும். "புரியாட்டி என்னடா, அங்க போயி கேக்குறாரு இல்ல?" என்பார். அவருக்கு அது போதும். ஆட்சியைப் பிடிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை.

1987இல் ஓபராசி லாலாங், விசாரணையில்லாமல் பலரைப் பிடித்து அடைத்த போலீஸ் நடவடிக்கை. கர்பால், லிம் கிட் சியாங், பட்டு, டேவிட் என்று ஜசெக தலைவர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். கொஞ்ச நாள் அப்பா செராமா பக்கமே போகவில்லை. 1990இல் பினாங்கின் 33 சட்டமன்றத் தொகுதிகளில் 14 ஜசெகவுக்குக் கிடைத்தன. முதலமைச்சர் லிம் சோங் இயூவே தோற்றார். இன்னும் மூன்று இருந்திருந்தால் ஆட்சியே! 1995இல் ஒன்றே ஒன்று. மறுநாள் எங்கள் வீட்டு வரிசையில் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிறகு 2007 நவம்பரில் மக்கள் சக்தி (ஹிண்ட்ராஃப்) இந்தியர் உரிமைப் பேரணி; அடுத்த மார்ச் 8ஆம் தேதி தேர்தலில் பினாங்கு கைமாறியது. பேராசிரியர் இராமசாமி துணை முதலமைச்சர் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

சில வாரம் கழித்து, வாசல் கால்வாய் அடைத்துக்கொண்டது என்று அப்பா மனு எழுதி ஒய்பி (தொகுதிப் பிரதிநிதி) சேவை மையத்துக்குக் கிளம்பினார். பழக்க தோஷம், அந்த அட்டையையும் பையில் போட்டுக்கொண்டார். அம்மா பார்த்துவிட்டு, சிரித்தபடியே எடுத்து அலமாரியில் வைத்தார்.