வீட்டிலேயே ஆன்டிபயாட்டிக் ஊசி: வாசகர் கேள்விகள்

கே: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றிய இடத்தில் சீழ் பிடித்து, மறுபடி திறந்து கழுவினார்கள். 6 வாரம் ஊசி தொடர வேண்டுமாம், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். பெட் காலியாகட்டும் என்று தள்ளிவிடுகிறார்களோ?

ப: அப்படி இருக்காது. இந்த முறை 1970களிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. காய்ச்சல் விட்டு, நன்றாகச் சாப்பிடுகிறவரை ஊசிக்காக மட்டும் வார்டில் வைத்திருந்தால் அங்கே சுற்றும் கிருமியும் சேர்ந்து தொற்றிக்கொள்ளும். டிஸ்சார்ஜுக்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. சீழ் முழுக்க வெளியேறியதா? கல்ச்சரில் (சீழிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) என்ன கிருமி வந்தது? வாராந்திர ரத்தப் பரிசோதனையை யார் பார்ப்பார்கள்? ராத்திரி 2 மணிக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வான்கோமைசின், அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகள் இரண்டும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியவை. சிறுநீரகம் பாதித்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும்; ஆரம்பத்தில் அது வெளியே தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அமிகாசின் போடும்போது காதில் இரைச்சல் கேட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், புது மருந்தின் முதல் டோஸை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிடுங்கள். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அங்கேதான் ஆள் இருக்கும்.

கே: இதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?

ப: பல பேருக்குக் கொடுக்கலாம். எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. முதல் 6 வாரம் மாத்திரை சாப்பிட்டவர்கள், ஊசி போட்டவர்களைவிட ஓராண்டு முடிவில் பின்தங்கவில்லை. ஆனால் கிருமிக்கு எடுபடும் மாத்திரை இருக்க வேண்டும். நம் ஊர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மாத்திரைகளுக்கு நேரே முழுக்க ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அதாவது கிருமிக்கு எடுபடாது) என்று வருவது சகஜம். அப்போது ஊசிதான் வழி.

கே: கையில் வென்ஃப்ளானோடு (ஊசி மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) அனுப்பிவிட்டார்கள். பக்கத்து கிளினிக் சிஸ்டர் ஊசி போடுகிறார். போதுமா?

ப: சில நாளுக்குப் போதும். செஃப்ட்ரியாக்சோன், எர்டாபெனம் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகள் தினம் ஒரு வேளை போதும் என்பது வசதி. வாரக்கணக்கில் என்றால் பிக் லைன் கேளுங்கள். மேல்கையில் நுழைத்து, இதயத்துக்கு அருகே உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை கொண்டுபோகும் மெல்லிய குழாய் அது. அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள். மருந்து ஏறத் தொடங்கியதும் குளிரும் நடுக்கமும் வந்தால் குழாயிலேயே கிருமி இருக்கலாம். கை வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கே: குளிக்கலாமா?

ப: லைன் நனையாமல் பிளாஸ்டிக் உறை சுற்றிக்கொண்டு குளிக்கலாம். ஆறு, குளம் வேண்டாம்.

கே: பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுத்து ஒரு மாதம் கழித்து, தொப்புள் பக்கம் சின்னக் கட்டி வந்து நீர் கசிகிறது. 10 நாள் ஊசி போட்டும் கேட்கவில்லை.

ப: ஊசியை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். காயம் நன்றாக ஆறி, சில வாரம் கழித்து இப்படிக் கசிந்தால் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக் கிருமிகளைச் சந்தேகிக்க வேண்டும். கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காமல், குழாய்த் தண்ணீரில் அலசிப் பயன்படுத்தினால் இவை உள்ளே போகும். வழக்கமான ஆன்டிபயாட்டிக் பலவற்றுக்கு இவை அசையாது. சீழையும் கொஞ்சம் திசுவையும் எடுத்து, இந்த வகைக் கிருமிக்கான கல்ச்சருக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். உறுதியானால் கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில் தேவைப்படும். சிலருக்கு அந்த இடத்தை வெட்டி எடுக்கவும் வேண்டியிருக்கும்.